படிக்கட்டோடு நிறுத்திவிடுகிறீர்கள்: தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுகிற பேச்சாளர்கள் எல்லாருக்கும்,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் உங்களில் நாலைந்து பேருடைய நோட்டீஸ் என் கடையில்தான் பிரிண்ட் ஆகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற உங்கள் படம், பின்னால் ஒரு மலை, மலை உச்சியில் கொடியோடு ஒரு ஆள், கீழே உன்னால் முடியும் என்கிற மாதிரி ஒரு வரி. முகம் கொஞ்சம் கறுத்து வந்துவிட்டது, வெளுப்பாக்கிக் கொடுங்கள் என்று உங்கள் ஆள் வந்து நிற்பார். நானும் வெளுத்துக் கொடுப்பேன். தொழில்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு மாசம் இருக்கும்போது அவள் பள்ளிக்கூடத்துக்கு உங்களில் ஒருவர் வந்தார். (யார் என்று சொல்லப்போவதில்லை. எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறீர்கள், அதனால் யாராக இருந்தாலும் ஒன்றுதான்.) ஹாலில் ஜன்னலையெல்லாம் சாத்தி, வெளிச்சம் வந்த இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டு, புரொஜெக்டரில் ஒரு துண்டுப் படம் ஓட்டியிருக்கிறார். சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒருவன் தெருத்தெருவாக ஓடுகிறான், ஒற்றைக் கையில் தண்டால் எடுக்கிறான், கடைசியில் ஒரு பெரிய கல் படிக்கட்டைத் தாவித் தாவி ஏறி, உச்சியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் குதிக்கிறான், பின்னால் அந்த டிரம்பெட் பாட்டு. பிள்ளைகள் விசில் அடித்திருக்கிறார்கள். விளக்கைப் போட்டதும் அவர் கேட்டாராம்: இவனால் முடிந்தது, உன்னால் முடியாதா? முன்னூறு பிள்ளைகளும் முடியும் என்று கத்தியிருக்கிறார்கள். சத்தம் பத்தலையே என்றாராம், மறுபடியும் கத்தியிருக்கிறார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு தாள். வாங்கப்போகிற மார்க்கை எழுதி, வீட்டில் தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும்.

அவள் 480 என்று பட்டையாக எழுதி, பீரோக் கண்ணாடிக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினாள். ராத்திரி தோசை தின்றுகொண்டே கேட்டாள்.

"அப்பா, அந்தப் படிக்கட்டு ஆளு கடைசில ஜெயிச்சானா?"

"இல்லம்மா. தோத்துட்டான்."

வாய்க்குப் போன தோசை தட்டுக்குத் திரும்பி வந்தது. "அப்ப எதுக்கு அதைப் போட்டுக் காட்டுனாங்க?"

அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பி வைக்கத்தான் இந்த மடல்.

படத்தின் பெயர் ராக்கி, ஒரு அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரன் கதை. 1976இல் வந்தது. எழுதியதும் நடித்ததும் சில்வெஸ்டர் ஸ்டாலோன், இயக்கியது ஜான் அவில்ட்சன். நான் அதை முதலில் பார்த்தது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன் என்று ஊரைவிட்டு வந்து நாலு பேரோடு ஒரு அறையில் கிடந்த காலம். பக்கத்து அறைப் பையன் கம்ப்யூட்டரில் எட்டுப் பேர் கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்து பார்த்தோம். சப்டைட்டில் கிடையாது, பிலடெல்பியாத் தெருவில் வளர்ந்தவன் வாய்க்குள்ளேயே மென்று பேசுகிற இங்கிலீஷ் எங்களில் ஒருவனுக்கும் முழுசாகப் புரியவில்லை. கடைசியில் ஒரே கூச்சல், அவன் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்கிறான், படம் முடிகிறது. ஜெயித்துவிட்டான் என்றே எட்டுப் பேரும் நினைத்தோம். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து விடிய விடிய படித்தோம்.

அவன் தோற்றான் என்று எனக்குத் தெரிந்தது ஏழெட்டு வருஷம் கழித்து, கடையில் ஆள் வராத ஒரு மதியத்தில், சப்டைட்டிலோடு பார்த்தபோது. அப்போது நானும் தோற்று ஊருக்கு வந்திருந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில், நீங்கள் போடாத இடங்களில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

படம் தொடங்கும்போதே ராக்கி பல்போவா ஒரு சண்டையில் ஜெயிக்கிறான். ஆமாம், ஜெயிக்கிறான். ஜெயித்தவனுக்கு 65 டாலர், அதில் லாக்கருக்கு இவ்வளவு, கூட நின்ற ஆளுக்கு இவ்வளவு, குளித்ததுக்கும் துண்டுக்கும் இவ்வளவு, வரி இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு நாற்பது சொச்சத்தைக் கையில் திணிக்கிறார்கள். பகலில் அவன் ஒரு வட்டிக்காரனுக்கு வசூல் ஆள். பணம் தராதவன் கட்டை விரலை உடைத்துவிட்டு வா என்று அனுப்பினால் உடைக்காமல் திரும்பி வருகிறான், அதற்கும் திட்டு வாங்குகிறான். ஜிம்மில் ஆறு வருஷமாக அவன் வைத்திருந்த லாக்கரை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு, இவன் சாமானைப் பையில் போட்டு வெளியே வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குப் போனால் பேச்சுத்துணைக்கு இரண்டு ஆமை.

இவனுக்கு அப்போது கனவு என்று ஒன்றும் இருந்ததாகப் படத்தில் தெரியவில்லை. கனவு காண், அது உன்னைத் தூங்கவிடாது என்றெல்லாம் நீங்கள் சொல்கிறீர்களே, அப்படி எதுவும் இல்லை. வாய்ப்பு வந்த விதத்தைப் பாருங்கள். உலகச் சாம்பியன் அப்பல்லோ க்ரீட், அமெரிக்காவுக்கு 200 வயது நிறைகிற 1976ஆம் வருஷத்தின் முதல் நாளில் பிலடெல்பியாவில் பெரிய சண்டை ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். எதிராளிக்குக் கையில் அடி. இருக்கிற நாளுக்குள் வேறு எந்தப் பெரிய ஆளும் தயாராக முடியாது. சரி, உள்ளூர் அநாமதேயம் ஒருவனுக்கு வாய்ப்புக் கொடுத்தால் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறான், 'இத்தாலியன் ஸ்டாலியன்' என்ற ராக்கியின் பட்டப்பெயர் கண்ணில் படுகிறது, விளம்பரத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அதன்மேல் விரலை வைக்கிறான். அவ்வளவுதான். உழைப்புக்குக் கிடைத்த வாய்ப்பு இல்லை ஐயா அது. பெயர்ப் பொருத்தம்.

ஏற்பாட்டாளர் ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சாம்பியனோடு மோதுகிறாயா என்று கேட்டதும் ராக்கி சொல்கிற முதல் பதில் என்ன தெரியுமா? வேண்டாம் என்பது. பயிற்சிக்குக் கூட நின்று குத்து வாங்குகிற வேலை கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் அங்கே வந்திருந்தான். தான் ஒரு சாதாரண ஆள், சண்டை நன்றாக இருக்காது என்று அவனே எதிராளி பக்கம் நின்று பேசுகிறான். அந்தக் காட்சியில் அவன் உட்கார்ந்திருக்கிற உட்காரலை உங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்த முன்னூறு பேரில் இருநூறு பேர் அடையாளம் கண்டிருப்பார்கள். கலெக்டர் ஆபீஸ் நாற்காலியில் நுனியில் உட்காருவோமே, அந்த மாதிரி.

அடுத்தது கிழவர் மிக்கி. ஜிம் நடத்துகிறவர், லாக்கரைப் பிடுங்கியவர், பத்து வருஷமாக இவனை ஏறெடுத்துப் பார்க்காதவர். சாம்பியனோடு சண்டை என்று செய்தி வந்ததும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இவன் அறைக்கு வருகிறார். எனக்கு 76 வயது, உனக்கு நான் பயிற்சி தருகிறேன், என் அனுபவம் வீணாகப் போகக் கூடாது என்று சுற்றி வளைத்துக் கெஞ்சுகிறார். இவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கிழவர் தளர்ந்து படி இறங்கிப் போனதும் வெளியே வந்து, காலியான அறையைப் பார்த்துக் கத்துகிறான். பத்து வருஷம் வரவில்லையே, இப்போது மட்டும் எதற்கு வந்தாய் என்று, தன் வீடு நாறுகிறது என்று, தன் வயசு போய்விட்டது என்று, கிழவருக்குக் கீழே வரைக்கும் கேட்கிற மாதிரி. அப்புறம் சத்தம் ஓய்கிறது. கேமரா தெருவுக்கு வந்துவிடுகிறது. ராத்திரி வெளிச்சத்தில் தூரத்தில் கிழவர் நடந்துபோகிறார், பின்னாலிருந்து இவன் ஓடிவந்து தோளில் கை போடுகிறான், ஏதோ பேசுகிறார்கள், கை குலுக்குகிறார்கள். என்ன பேசினார்கள் என்று நமக்குக் கேட்காது. மொத்தம் அரை நிமிஷம்.

மன உறுதி என்று நீங்கள் மைக்கில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கு வருகிறது அந்த அரை நிமிஷம்தான். அவமானப்படுத்தியவனிடம் கற்றுக்கொள்ள இறங்கிப் போகிறான், அதுவும் நியாயமான கோபத்தை முழுசாகக் கத்தித் தீர்த்த பிறகு. இதற்குப் பின்னணிப் பாட்டு கிடையாது, அதனால்தான் உங்கள் துண்டுப் படத்தில் இது இல்லை போலிருக்கிறது.

படிக்கட்டுக்கு வருகிறேன். படத்தில் அவன் அந்தப் படிக்கட்டில் இரண்டு தடவை ஏறுகிறான், நீங்கள் காட்டுவது இரண்டாவது. முதல் தடவை காலை நாலு மணிக்கு அலாரம் அடிக்க எழுந்து, ஐந்து முட்டையைப் பச்சையாகக் கிளாசில் உடைத்து ஊற்றிக் குடித்துவிட்டு, குளிரில் ஓடி, பிலடெல்பியா அருங்காட்சியகத்தின் 72 படியையும் ஏறி முடிப்பதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறான். கை தூக்கவில்லை, குதிக்கவில்லை, அப்படியே நொண்டிக்கொண்டு இறங்கிவிடுகிறான். இந்த ஏற்றம் இல்லாமல் அந்த ஏற்றத்தை மட்டும் பார்க்கிற பிள்ளை, மறுநாள் காலையில் நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குப் புத்தகத்தின் மேல் தூங்கிவிட்டு, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். என் வீட்டில் நடந்தது.

(இடையில் ஒன்று. இந்தப் படிக்கட்டு படத்துக்கு வந்ததே ஒரு வேடிக்கை. ஓடுகிற ஆளோடு ஆடாமல் கூடவே போகிற ஸ்டெடிகேம் என்ற கருவியை அப்போதுதான் காரெட் பிரவுன் என்பவர் செய்திருந்தார். அதைச் சோதித்துப் பார்க்கத் தன் காதலியை அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கி ஓடவைத்துப் படம் பிடித்தார். அதைப் பார்த்துத்தான் அவில்ட்சன் அந்த இடம் எங்கே என்று கேட்டாராம். ஆக அந்தப் படியில் கேமராவுக்காக முதலில் ஓடியது ராக்கி இல்லை, ஒரு பெண்.)

இப்போது நான் உங்களிடம் கேட்க வந்த இடம். சண்டைக்கு முந்தின ராத்திரி. அவனுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து தனியாக அந்தப் பெரிய அரங்கத்துக்குப் போகிறான். ஒருவரும் இல்லை, நாற்காலிகள் மட்டும். மேலே இரண்டு பேர் படமும் ஆளுயரத்துக்கும் பெரிதாகத் தொங்குகிறது. அவன் படத்தில் டிராயர் நிறம் தப்பு. அவன் போடப்போவது சிவப்புக் கரை வைத்த வெள்ளை, படத்தில் இருப்பது வெள்ளைக் கரை வைத்த சிவப்பு. அங்கே நின்ற ஏற்பாட்டாளரிடம் சொல்கிறான். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லையே, நாளைக்கு நன்றாக ஆடிக் காட்டு என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். அந்த இடத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அந்த அரங்கத்தில் அவன் ஆள் இல்லை, விளம்பரத்துக்கு வாங்கிய ஒரு பட்டப்பெயர்.

வீட்டுக்கு வந்து காதலி ஏட்ரியன் பக்கத்தில் படுத்து, என்னால் அவனை ஜெயிக்க முடியாது என்கிறான். கவனியுங்கள், கதாநாயகன் சொல்கிறான், சண்டைக்கு முந்தின ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு. முடியாது. அவள் உன்னால் முடியும் என்று சொல்லவில்லை. அப்படியெல்லாம் பேசாதே என்று வாயைப் பொத்தவும் இல்லை. அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்கிறாள். அவன் யோசித்துச் சொல்கிறான்: க்ரீடோடு பதினைந்து ரவுண்டும் யாரும் நின்றதில்லை. கடைசி மணி அடிக்கும்போது நான் காலில் நின்றுகொண்டிருந்தால் போதும், நான் தெருப்பொறுக்கி இல்லை என்று எனக்கே தெரிந்துவிடும்.

அவனுடைய கனவு அந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஏற்பாட்டாளர் கொடுத்த கனவு சாம்பியன் பட்டம். அந்த ராத்திரியில் அவனே தன் கைக்கு அடங்குகிற அளவில் வெட்டித் தைத்துக்கொண்ட கனவு, மணி அடிக்கும்வரை விழாமல் நிற்பது. முடியாது என்று ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொன்னதால்தான் எது முடியும் என்று அவனால் யோசிக்கவே முடிந்தது. உங்கள் ஹாலில் அதைச் சொல்ல வழி இருந்ததா? முன்னூறு பேர் முடியும் என்று கத்துகிற இடத்தில், எனக்கு டிரிக்னாமெட்ரி பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால், சத்தம் பத்தலையே என்பீர்களா?

சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ரவுண்டிலேயே க்ரீட் விழுகிறான், வாழ்க்கையில் முதல் தடவையாக. அப்புறம் ராக்கியின் மூக்கு உடைகிறது, கண் வீங்கி மூடிக்கொள்கிறது. பதினாலாவது ரவுண்டில் விழுந்தவனைப் பார்த்து, படுத்தே கிட என்று மிக்கியே கத்துகிறார். எழுகிறான். மறுபக்கம் க்ரீட் கையைத் தூக்கி நிற்கிறான், இவன் எழுவதைப் பார்த்ததும் அந்தக் கைகள் இறங்குகிற விதம் இருக்கிறதே, அதை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். வீங்கிய கண்ணைக் கீறித் திறந்துவிட்டுக் கடைசி ரவுண்டுக்கு இறங்குகிறான். பதினைந்தாவது மணி அடிக்கிறது, நிற்கிறான். மூன்று நடுவர்களில் இரண்டு பேர் க்ரீட் பக்கம், ஒருவர் ராக்கி பக்கம். தோற்றுவிட்டான். அதை அறிவிக்கும்போது அவன் கேட்கவே இல்லை, ஏட்ரியன் ஏட்ரியன் என்று கத்திக்கொண்டிருக்கிறான். கூச்சலில் நமக்கும் சரியாகக் கேட்காது. திருவல்லிக்கேணி எட்டுப் பேருக்கும் கேட்காமல் போனது அதனால்தான்.

(இரண்டாம் பாகத்தில், 1979இல், ஜெயித்துவிடுவான். தெரியும். அதை எழுதி எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.)

என் கதைக்கு வருகிறேன். குரூப் 2 நாலு தடவை எழுதினேன். நாலாவது தடவை மெயின் வரைக்கும் போய்த் தவறியது. நான் படித்த பயிற்சி மையத்தில் உங்களைப் போல் ஒருவர் வாராவாரம் வருவார். தோற்றவன் என்று எவனும் இல்லை, முழுசாக முயலாதவன் மட்டும்தான் உண்டு என்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும், நானும் தட்டியிருக்கிறேன். தோற்று ஊருக்கு வந்தபோது அந்த வாக்கியம் மட்டும் பெட்டியோடு கூடவே வந்துவிட்டது. மெட்ராஸில் நாலு வருஷம் என்னத்தைக் கிழித்தாய் என்று மாமா கேட்டதைக்கூட மறந்துவிட்டேன், அந்த வாக்கியம் போகவில்லை. நாலு வருஷம் காலை நாலரைக்கு எழுந்தவன், ரேஷன் அரிசிச் சோற்றில் ரசம் ஊற்றித் தின்று படித்தவன், முயலாதவன் என்று என்னை நானே எண்ணிக்கொண்டு இரண்டு வருஷம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அம்மா வளையலை அடகு வைத்துத்தான் இந்தக் கடை.

இப்போது கடைக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். 2024 குரூப் 4 அறிவிப்பு வந்தபோது 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். அப்புறம் இடத்தைக் கூட்டினார்கள், கூட்டியும் ஒரு இடத்துக்கு இருநூறு பேருக்குக் குறையவில்லை. அறிவித்த கணக்கில் வகுத்துப் பார்த்தால் ஒரு இடத்துக்கு முன்னூறு பேருக்கு மேல் வருகிறது. அதாவது உங்கள் ஹாலில் உட்கார்ந்து முடியும் என்று கத்திய அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி. எல்லாராலும் முடியும் என்று நீங்கள் சொல்வது கணக்குப்படியே பொய். மீதி 299 பேரும் முயலாதவர்களா?

ஒரு பெண் வருவாள். கையில் சின்னப் பர்ஸ், அதற்குள் ஒரு குங்குமப் பொட்டலம். ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தால் ஸ்டேப்ளர் போட வேண்டாம் என்பாள், நாலாக மடித்துக் குங்குமத்தோடு வைத்துக்கொள்வாள். "இதுதான் கடைசிண்ணே." போன தடவையும் அதையேதான் சொன்னாள், அதற்கு முன்னாலும். நானும் சில்லறையைக் கொடுத்துவிட்டு, நல்லா எழுதும்மா என்பதோடு சரி. அவள் காலையில் ஜவுளிக்கடை வேலை, ராத்திரி படிப்பு. அவள் மணி அடிக்கும்வரை நிற்கிறவள். அவளுக்குச் சொல்ல உங்கள் பேச்சில் ஒரு வரியாவது இருக்கிறதா?

உங்களுக்குப் பிடித்த நாய்க் கதைக்கும் வருகிறேன். ஸ்டாலோன் கையில் காசில்லாமல் தன் நாயை விற்றார், கதையை விற்றதும் பெரிய விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார். நல்ல கதைதான், அவரே சொன்னதுதான், பட்கஸ் என்ற அந்த நாய் படத்திலும் வருகிறது. ஆனால் விற்ற விலையும் வாங்கிய விலையும் உங்களில் ஒருவர் சொல்வது போல் இன்னொருவர் சொல்வதில்லை, முதலில் உங்களுக்குள் பேசி ஒரு விலையை முடிவு செய்யுங்கள். நாயைவிட முக்கியமான ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். இந்தக் கதைக்குப் பொறி ஒரு நிஜமான தோல்வி. 1975 மார்ச் 24 அன்று முகமது அலியோடு சக் வெப்னர் என்பவர் மோதினார். சாராயம் விற்கிற வேலை பார்த்தவர், அடிக்கடி முகம் கிழிந்து ரத்தம் ஒழுகும் என்பதாலேயே பட்டப்பெயர் வாங்கியவர். ஒன்பதாவது ரவுண்டில் அலியையே கீழே தள்ளினார், பதினைந்தாவது ரவுண்டு முடிய 19 வினாடி இருக்கும்போது தோற்றார். ஸ்டாலோன் அதைப் பார்த்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தார். மணி அடிக்க வெப்னருக்கு மிச்சமிருந்த அந்த 19 வினாடியைத்தான் ராக்கிக்குக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும். சிறந்த படம் என்று ஆஸ்கர் கிடைத்தது. நடிப்புக்கும் எழுத்துக்கும் ஸ்டாலோன் பெயர் பரிந்துரையில் இருந்தது, இரண்டுமே அவருக்குக் கிடைக்கவில்லை.

நிஜத்தில் அந்தப் படிக்கட்டில் ஓடியவரும் ஒருவர் உண்டு. ஜோ ஃப்ரேசியர், பிலடெல்பியாக்காரர். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், அங்கே தொங்கிய மாட்டிறைச்சியைக் குத்திப் பழகியதும் படிக்கட்டில் ஓடியதும் என் வாழ்க்கையில் இருந்து எடுத்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1971இல் அலியைத் தோற்கடித்த நிஜச் சாம்பியன். படத்தில் ஒரு நிமிஷம் வந்து கை குலுக்கிவிட்டுப் போவார். மூன்றாம் பாகத்துக்காகச் செய்த ராக்கி சிலையை 2006இல் அந்த அருங்காட்சியகத்துப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுவந்து வைத்தார்கள். ஃப்ரேசியருக்கு அந்த ஊரில் சிலை வைத்தது 2015இல், அவர் செத்து நாலு வருஷம் கழித்து. கற்பனை ஆளுக்கு முதலில், நிஜ ஆளுக்குப் பிறகு. எனக்கு ராக்கி பிடிக்கும் என்பதற்காக இது நியாயமாகிவிடாது.

அரையாண்டில் மகள் 312. அன்றைக்குச் சாயங்காலம் அவளே அந்தத் தாளை உரித்துவிட்டாள், கண்ணாடிக்குப் பக்கத்தில் செல்லோடேப் தடம் மட்டும் நாலு மூலையில் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி நாளில் சாத்திவிட்டு, லேப்டாப்பில் படத்தைப் போட்டேன், முதலில் இருந்து. முட்டைக்கு உவ்வே என்றாள். பாத்ரூம் கதவுக் காட்சியில் பேசாமல் இருந்தாள். அரங்கத்தில் அந்தப் பெரிய படத்தைப் பார்த்ததும், "டிராயர் கலரையாவது மாத்தித் தொலைச்சிருக்கலாம்ல, நாலு டப்பா பெயிண்டு" என்றாள், நிஜமான கோபத்தோடு. கடைசியில் கூச்சலுக்கு நடுவில் என் பக்கம் திரும்பி, "யாருப்பா ஜெயிச்சா?" என்றாள். தோசை தின்னும்போதே சொல்லியிருந்தேன், மறந்துவிட்டாள். பின்னால் ஓட்டி, காதை வைத்துக் கேட்டோம். ஓ, ஆமால்ல என்றாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கணக்குல அந்த ஆறாவது பாடம் மட்டும் எனக்குச் சுத்தமா வராதுப்பா என்றாள். இத்தனை மாசத்தில் முதல் தடவையாகச் சொல்கிறாள். வராவிட்டால் போகட்டும், வேறு எது வரும் என்று கேட்டேன். உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. படிக்கட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை, எனக்கும் அந்த டிரம்பெட் கேட்டால் மயிர்க்கூச்செறியும். அதற்கு முன்னால் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏற்றத்தைப் போடுங்கள், அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்குப் பின்னால் ராத்திரிக் காட்சியைப் போடுங்கள், அது இரண்டு மூன்று நிமிஷம், பிள்ளைகளுக்குத் தமிழில் நீங்களே சொல்லிவிடலாம். நேரம் பத்தவில்லை என்றால் நாயை விட்டுவிடுங்கள். மார்க்கு எழுதுகிற தாளில், எது பயமாக இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அதைச் சுவரில் ஒட்ட வேண்டாம், யாராவது ஒருவரிடம் காட்டினால் போதும்.

பொங்கல் முடிந்ததும் அதே ஹாலில் மறுபடி ஒரு நிகழ்ச்சி இருக்கிறதாம், நோட்டீஸ் என்னிடம்தான் வந்திருக்கிறது, 400 காப்பி. மலை உச்சி ஆள் இதிலும் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள், போன தடவை பாக்கி 150 ரூபாயையும் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் உங்கள் கோட்டு நீலமா கறுப்பா என்று சரியாகத் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அதன்படியே போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரன்